எத்திராஜின் கொசு மருந்து

கொருக்குப்பேட்டைக் கொசுவுக்குச் சம்பந்தி என்ற மரியாதையெல்லாம் கிடையாது. போன தையில் மலர்க்கொடியைப் பெண் பார்க்க வந்தவர்கள், காலைச் சொறிந்துகொண்டே எழுந்து போனவர்கள்தான். இன்று வண்ணாரப்பேட்டையிலிருந்து பட்டம்மாள் தன் மகன் கிருஷ்ணப்பனோடு வருகிறாள். இதுவும் தவறிவிட்டால் என்ன செய்வது? மலர்க்கொடியின் தாய் சொக்கம்மாளுக்குக் காலையிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

வேப்பிலைப் புகை போடலாம் என்றாள். கணவர் எத்திராஜ் கூட்ஸ் ஷெட் குமாஸ்தா. துரை பங்களாவில் ஒருமுறை காகிதம் கொடுத்துவிட்டு வந்தவர். அன்றிலிருந்து வைத்தியம், சட்டம், மழை எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு.

"பொகைலாம் பட்டிக்காட்டு வேல. துரை வூட்ல இன்னா பண்றாங்கோ தெரியுமா?"

"அந்த வூட்ல உன்ன வாசப்படி தாண்ட வுட்டாங்களா?"

எத்திராஜ் மருந்து கலக்க உட்கார்ந்தார். அடுப்பெரிக்கிற கிருஷ்ணாயிலில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் கலந்து பாயில், திரையில், நிலைப்படியில் தடவினார். மிச்சத்தைத் தன் கை காலில் பூசிக்கொண்டார். கொசு ஒன்றுகூட அண்டவில்லை. மனிதர்களுக்கும் கண் எரிந்தது.

விளக்கு வைக்கிற நேரத்தில் விருந்தாளிகள் வந்தார்கள். பெண் விளக்கேற்றிய பிறகுதான் மற்றப் பேச்செல்லாம் என்பது அவர்கள் வழக்கம். மலர்க்கொடி வத்திப்பெட்டியோடு வந்தாள். சொக்கம்மாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்தாள்.

"வாணாம்மே. உங்கப்பன் வூட்டையே திரியா ஊறப்போட்டு வெச்சிக்கீறாரு."

பட்டம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். "வெளக்கேத்தாத வூட்ல எப்படிம்மே குந்தறது?"

சொக்கம்மாள், "நீ உள்ளயே கெட, நெருப்பாண்ட வராத" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, விளக்கைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு நடந்தாள். மற்றவர்கள் பின்னால் வந்தார்கள்.

வாசலில் மலர்க்கொடி விளக்கேற்றினாள். கொசுக்களும் வந்து சேர்ந்தன. கிருஷ்ணப்பன் நெளிந்தான், பல்லைக் கடித்தான், கடைசியில் தன் கன்னத்தில் தானே பளாரென்று அறைந்துகொண்டான். கொசு தப்பித்துவிட்டது. மலர்க்கொடி சிரித்துவிட்டாள். கன்னத்தைத் தடவிக்கொண்டு அவனும் சிரித்தான்.

பட்டம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எங்கூர்ல மட்டும் இன்னா, கொசு கும்புட்டுகினா போவுது? வெத்தல பாக்கு எடுத்தாம்மே, தட்டு மாத்திக்கலாம்."

சொக்கம்மாள் உள்ளே ஓடினாள். எத்திராஜ் இருட்டில், நடுப்பாயில், நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பாத்தியா, ஒண்ணுகூடக் கடிக்கல" என்றார்.

"எந்திரி. சீயக்கா போட்டுக் குளிச்சிட்டு வா. தட்டு மாத்த அப்பன்னு ஒருத்தன் வோணும்."