மேசையை இறக்கத் தெரிந்த மேனேஜர்

இப்போதெல்லாம் ஆட்களுக்குத் தரையில் நின்று சண்டை போடக்கூடத் துப்பில்லை. மணிக்கூண்டுக்கு எதிரே இருக்கும் பாரில் இரண்டு பேர் குரலை உயர்த்தினால், மேசையும் நாற்காலிகளும் அவர்களைத் தூக்கிக்கொண்டு போய்க் கூரையை முட்டி நிற்கின்றன. சண்டை தீராமல் இறங்குவதில்லை. தலை இடித்து இடித்து வருஷத்துக்கு இரண்டு முறை கூரைக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டியிருக்கிறது.

நிர்வாகப் படிப்புச் சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டுவந்த முதல் மேனேஜர் ஏணி வைத்து ஏறினான். பாதி வழியில் சண்டைக்காரர்களில் ஒருவன் பக்கம் சேர்ந்து பேசினான். ஏணியும் கிளம்பிவிட்டது. மறுநாள் மதியம் இறங்கியவன் சட்டத்தைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனான். அடுத்து வந்தவன் மேசைகளைத் தரையோடு சேர்த்து ஆணியடித்தான். அன்று மாலையே தரை ஓடுகளும் சேர்ந்து மேலே போயின.

இவர்களையெல்லாம் இறக்கியது பின்பக்கம் கிளாஸ் கழுவும் பெண். பன்னிரண்டு வருஷம் கழுவியவள். கழுவ வரும் கிளாஸைப் பார்த்தே யார் அவசரத்தில் குடிக்கிறான், யார் உதட்டை மட்டும் நனைத்தான் என்று சொல்லிவிடுவாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து அண்ணாந்து பார்ப்பாள். "அண்ணே, நீங்க மூணு முடிச்சிட்டீங்க. அவரு முதல் கிளாஸையே இன்னும் தொடலை. ரெண்டு பேரு பேச்சும் எப்படி ஒத்துப்போகும்? முதல்ல தண்ணி குடிங்க." யார் பக்கம் நியாயம் என்று கேட்கவே மாட்டாள். மேசை முழம் முழமாக இறங்கும்.

சோப்புத் தண்ணீரில் ஊறி அவள் விரல்கள் வெடித்துவிட்டன. இனி கையை நனைத்தால் விரல் மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மேனேஜர் வேலை கேட்டாள். இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டியதுதான். கிளாஸ் கழுவுகிறவள் பேச்சை யார் கேட்பார்கள் என்று முதலாளி சிரித்தார். வேலையை மச்சானுக்குக் கொடுத்தார்.

மச்சான் சேர்ந்த அன்று, கடை திறக்கும் முன், வாசலில் யார் போட்டோ மாட்டுவது என்று முதலாளிக்கும் அவருக்கும் தகராறு வந்தது. மேசை கிளம்பியது. வெளியே வாடிக்கையாளர்கள் கதவைத் தட்டத் தொடங்கிவிட்டார்கள். முதலாளி வேட்டியைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு, கதவைத் திறக்காதே, முதலில் எங்களை இறக்கு என்று கிளாஸ் கழுவுகிறவளிடம் கெஞ்சினார்.

அவள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள்.

"இறக்குறது மேனேஜர் வேலைங்க ஐயா. நான் கிளாஸ் கழுவுறவ."

"மச்சான்தான் மேனேஜரு."

"அப்ப அவரையே இறக்கச் சொல்லுங்க. பக்கத்துலதானே இருக்காரு."

முதலாளி மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார். சரி, இனி நீயே மேனேஜர் என்று முதலாளி சாவிக்கொத்தைக் கீழே போட்டார். அது நேராக, கீழே நிறைத்துவைத்திருந்த கழுவும் தொட்டிக்குள் விழுந்தது. அவள் தொடவில்லை. இருவருக்கும் போட்டோவே நன்றாக விழாது, வாசலில் ஒரு கடிகாரம் மாட்டலாம் என்றாள். இரண்டு பேருக்கும் கோபம் அவள் மேல் திரும்பியது, மேசை இறங்கியது. மச்சான்தான் தொட்டியில் கைவிட்டுச் சாவியை எடுத்துக் கொடுத்தார்.

அதன் பிறகு ஒன்பது வருஷம் போய்விட்டது. இன்னும் அவள்தான் மேனேஜர்.

நானும் போய்ப் பார்த்தேன். கயிறு ஏதும் இருக்கிறதா என்று கூரையில் டார்ச் அடித்தேன், இல்லை. மேசை மிதப்பதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. ஆனால் மேசை கிளம்பாமல் பார்த்துக்கொள்பவர்தானே மேனேஜர்? அவளிடமே கேட்டேன்.

"கிளம்பலைன்னா இங்க யாரு வருவாங்க, பெரியவரே?" என்றாள்.

பக்கத்து நாற்காலிக்காரன் சிரித்தான். உனக்கென்னடா சிரிப்பு என்று கேட்டேன். கேட்டதும் காலுக்குக் கீழே தரை தட்டுப்படவில்லை. ஒரு சாண் உயரத்திலிருந்து குதித்து, திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தேன். இதற்குப் பெயர் நிர்வாகமாம்.