நாற்பத்தோராவது மீன்

வலையில் பிடி, எடை போடு, கண்ணாடிக் குழாயில் விடு, இருபது நிமிடம் ஓய்வு கொடு. பிறகு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நீரோட்டத்தைக் கூட்டு. மீன் எதிர்த்து நீந்தி நீந்தி, கடைசியில் பின்பக்கக் கம்பிவலையில் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த வேகத்தையும் அது இழுத்த ஆக்ஸிஜனையும் எழுத வேண்டும். மற்றவர்கள் நாளுக்கு ஒரு மீனோடு மல்லுக்கட்ட, நான் மூன்றை முடிப்பேன். மூன்று வாரத்தில் நாற்பது. ஆய்வகத் தலைவர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அணையோரம் மூடிக் கிடக்கும் வாய்க்காலைத் திறந்தால், மீன்கள் முட்டையிட மேலே ஏறிப் போகலாம். திறப்பதா வேண்டாமா என்று வியாழக்கிழமை கூட்டம். என் எண்களின்படி, அந்த ஓட்டத்தில் ஏற இந்த மீனுக்குத் தெம்பில்லை. திறந்தால் தண்ணீர்தான் வீண்.

திங்களன்று நாற்பத்தோராவது மீனைக் குழாயில் விட்ட கையோடு நாத்தனாரின் போன். மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாராம். மெல்லிய ஓட்டத்தில் மீனை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். அவருக்கு எலும்பு எதுவும் முறியவில்லை. தூக்கி உட்காரவைத்ததில் என் இடுப்புதான் போனது.

மறுநாள் காலை பார்த்தால், அந்த மீன் இழுத்த ஆக்ஸிஜன் அதே மெல்லிய ஓட்டத்தில் மற்றவை இழுத்ததில் பாதிதான். கருவியைத் தட்டிப் பார்த்தேன். ஓட்டத்தைக் கூட்டினேன். மற்றவை துவண்ட வேகத்தைத் தாண்டி இன்னும் அரைமணி நேரம் நீந்தியது.

நான் கொடுத்த இருபது நிமிடத்தில் மற்ற நாற்பதும் ஓய்வெடுக்கவே இல்லை. வலைக்கும் தராசுக்கும் துள்ளிய படபடப்பு அடங்கும் முன்பே ஓடவிட்டிருக்கிறேன். மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்தவரைப் பந்தயத்தில் நிறுத்தி, தெம்பில்லாதவர் என்று எழுதியது மாதிரி.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒரு மீனை வச்சு நாப்பது மீனைப் பொய்னு சொல்ல முடியுமாம்மா?"

"வியாழன் காலைக்குள்ள இன்னும் ரெண்டு பாத்துடலாம் சார். ராத்திரி முழுக்க ஓய்வு குடுத்து."

"அந்த நாப்பது யாரோட தப்பு?"

"ஓய்வைக் குறைச்சது நான். தட்டிக்குடுத்தது நீங்க."

அவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பாருங்கள் என்று தலையசைத்தார். இரவு முழுக்க ஓய்வெடுத்த அந்த இரண்டு மீன்களும் நாற்பத்தோராவது செய்ததையே செய்து காட்டின.

கூட்டத்தில் நானே எழுந்து சொன்னேன். அணைப் பொறியாளர் மரியாதையாகத்தான் கேட்டார்: "நாப்பது தடவை தப்பா அளந்துட்டு, மூணு தடவை சரியா அளந்தேங்கறீங்க. நான் எதை நம்பறது?"

"என்னை நம்ப வேணாம் சார். மீனை ஓய்வெடுக்க விட்டு நீங்களே அளங்க."

நியாயம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள். நாளுக்கு ஒன்றாக நாற்பதையும் மறுபடி அளந்து, அறிக்கையும் எழுத வேண்டும். முடிவு மூன்று மாதம் தள்ளிப் போனது.

"முட்டையிடற காலம் ரெண்டு மாசத்துல முடிஞ்சிடும் சார்."

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா," என்று பொறியாளர் கோப்பை மூடினார்.

படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். நானும் ராத்திரி ஓய்வு கொடுத்து நாளுக்கு ஒன்று என்று அளந்திருந்தால்கூட, இன்றைக்குப் பதினைந்து மீனாவது சரியாகக் கையில் இருந்திருக்கும். வாய்க்காலைத் திறக்க அது போதும்.