பண்டமாரான் வீட்டுக்கு ஆள் வருகிறது

வீட்டில் சீக்காளி இருக்கிற வாடையே வரக்கூடாது என்று வீட்டு ஏஜென்ட் வாசு கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அவனுக்கென்ன, வாய் வலிக்காமல் சொல்லிவிடுவான். மாரடித்தது ஷாமினிதான். சுவருக்குச் சாயம் அடித்தாள், சன்னலுக்குப் புதுத் திரை மாட்டினாள், பக்கத்து வீட்டில் நாற்காலி இரவல் வாங்கிக் கூடத்தில் போட்டாள். அப்பாவின் கக்கூஸ் நாற்காலியைப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடினாள். கடைசியாக அவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, வெள்ளைச் சட்டை மாட்டிவிட்டாள்.

எதற்கு இத்தனை கூத்தென்று அப்பா கன்னையாவிடம் அவள் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் துறைமுகத்தில் லோரி ஓட்டிப் பண்டமாரானில் வாங்கிய வீடு. இது விற்றதும் அவர் பந்திங்கில் ஒரு முதியோர் இல்லத்துக்கு, அவள் சிங்கப்பூரில் வேலைக்கு. அவருக்கு நினைவு தப்பித் தப்பிப் போகிறது. நாற்பதைத் தாண்டிய ஒண்டிக்கட்டையான அவளாலும் இனி அவரைத் தூக்கி எடுக்க முடியவில்லை. வீடு போனால்தான் அவளுக்கு விடிவு.

கன்னையா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். புதுத் திரை, வரிசையாக நாற்காலி, தன் மேல் வெள்ளைச் சட்டை. முகம் மலர்ந்துவிட்டது.

"ஏம்மா, உன்னைப் பொண்ணு கேட்டு வராங்களா? அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லல பாரு!"

"ஐயோ, அதெல்லாம் இல்லப்பா."

"வெக்கப்படாத லா. போய்ச் சேலையக் கட்டு. கேசரி கிண்டினியா?"

எவ்வளவு சொன்னாலும் மண்டையில் ஏறினால்தானே! மறுத்தால் கத்தி ஊரைக் கூட்டுவார், வருகிறவர்கள் வாசலோடு திரும்பிவிடுவார்கள். தலையெழுத்தே என்று சேலையைக் கட்டிக்கொண்டாள். கேசரியும் கிண்டினாள். பிறகு அவரைப் பின்னறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினாள்.

வாசு செந்தூலிலிருந்து வள்ளியம்மா என்றொரு அம்மாவையும் அவர் மகனையும் அழைத்து வந்தான். மகனுக்குத் துறைமுகத்தில் புது வேலை. அந்தம்மா குழாயைத் திறந்து பார்த்தார், கூரையை அண்ணாந்து பார்த்தார், அடுப்படியில் நின்று திருப்தியாகத் தலையாட்டினார். ஷாமினிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அது பொறுக்கவில்லை போலும், பின்னறைக் கதவு திறந்தது.

"வாங்க, வாங்க! ஏன் நிக்கிறீங்க? ஷாமினி, கேசரி கொண்டா!"

வாசுவின் முகம் செத்துவிட்டது. சேலையும் தட்டுமாக வந்தவளைக் கண்டு அந்தப் பையன் குனிந்த தலை நிமிரவில்லை. "அப்பாவுக்கு நெனவு சரியில்ல ஆன்டி, மன்னிச்சிருங்க," என்று ஷாமினி கிசுகிசுத்தாள். அவமானத்தில் உடம்பே கூசியது. வள்ளியம்மா புரிந்துகொண்டார். தட்டை வாங்கி ஒரு வாய் சாப்பிட்டார்.

கன்னையா அவர் பக்கத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"எனக்காகத்தான் இவ கல்யாணமே வேணாம்னு இருந்துட்டா. எனக்குத் தெரியாதா? நீங்க தாராளமா கூட்டிட்டுப் போங்க. எனக்கென்ன கொறச்சல், என் வீடு இருக்கு. இங்கயே ஒரு மூலையில கெடந்துக்குவேன்."

வாசு போனை நோண்டினான்.

கிளம்பும்போது வள்ளியம்மா வாசலில் ஷாமினியின் கையைப் பிடித்தார். "நல்ல வீடும்மா. ஆனா அவரு வாயால அப்படிச் சொன்னப்புறம், நான் எப்படி இங்க பால் காய்ச்சிக் குடி வருவேன்? என் மனசு கேக்காது."

கார் போய்விட்டது. வாசு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னம்மா சொன்னாங்க?" கன்னையா ஆவலாகக் கேட்டார்.

அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அந்த முகத்தைப் பார்த்துக் கத்தவும் முடியவில்லை.

"போய்ச் சொல்லி அனுப்பறாங்களாம்பா."

அவர் முகம் சுருங்கிப்போனது. அப்படிச் சொல்லிவிட்டுப் போனால் என்ன அர்த்தம் என்பது மட்டும் அவருக்கு மறக்கவில்லை. தட்டுத்தடுமாறி எழுந்து வந்து மகளின் தலையைத் தடவினார்.

"போறாங்க விடு. அழாத. அப்பா இருக்கேன்ல? உன்ன விட்டு எங்கயும் போயிட மாட்டேன்."