மூணு நாள் லீவு

விண்ணரசியின் புது ஆல்பம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு வெளிவருவதாக இருந்தது. அந்த நேரத்தில் பதினான்காம் நம்பர் கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் யார் கையிலும் போன் இருக்காது. ஆம்பூர் ஷூ கம்பெனியில் காலையில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். அதனால் பஸ்ஸில் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. சாயங்காலம் போன் கைக்கு வந்ததும் யாரும் தனியாகக் கேட்கக் கூடாது. பஸ் ஸ்பீக்கரில் சேர்ந்துதான் கேட்க வேண்டும்.

விண்ணரசி சினிமாவுக்குப் பாடுகிறவள் அல்ல. தானே எழுதி, தானே மெட்டமைத்து, கிடாரோடு உட்கார்ந்து பாடுவாள். அவளுடைய முதல் ஆல்பம் வந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. இந்த பஸ்ஸுக்கு அது மனப்பாடம். புதிய ஆல்பத்தின் ஒன்பது பாட்டுகளுக்கும் பெயர் மட்டும் போன வாரம் வெளியிட்டிருந்தாள். இரண்டாவது பாட்டின் பெயர் ‘மூணு நாள் லீவு’.

“அது மாசாமாசம் வர்ற மூணு நாள்தான்,” என்றாள் பாரதி. பி.காம். முடித்துவிட்டு குவாலிட்டி செக்கிங்கில் இருக்கும் சின்னப் பெண்.

“அதுக்கு எவன்டி லீவு தர்றான்?” என்றாள் வஹீதா. “இது லவ் சாங். வெளியூர்ல வேலை செய்ற புருஷன் வர்றான். மூணு நாள் இருக்கான். போய்ட்றான்.”

“மூணு நாள் புருஷன் வூட்லயே இருந்தா லவ் சாங்கா வரும்? பேஜார் சாங்குதான் வரும்,” என்றாள் விஜயகுமாரி.

பஸ் சிரித்தது. ஷூ தைக்கும் முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டு தூங்குகிறவள் போல இருந்தாள்.

ஆறு மாதத்துக்கு முன்னால் விண்ணரசி தன் ரசிகர்களிடம் ஒன்று கேட்டிருந்தாள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றை உங்கள் குரலில் பேசி அனுப்புங்கள் என்று. முத்துமாரி மாதனூரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பேசி அனுப்பினாள்.

‘எங்க மாமியார் ரெண்டு வருஷம் படுக்கையில இருந்தாங்க. முதுகுல புண்ணு வந்துடும்னு ராத்திரி ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பேன். செத்துப் போனாங்க. கம்பெனியில மூணு நாள் லீவு குடுத்தாங்க. மூணு நாளும் தூங்கினேன் மேடம். துக்கத்துல கெடக்கறான்னு எல்லாரும் நெனச்சாங்க. நல்லா இருந்துச்சு அந்தத் தூக்கம்.’

நன்றி அக்கா என்று பதில் வந்தது. கூடவே ஓர் இதயம். அதோடு முத்துமாரி அதை மறந்துபோனாள்.

இப்போது பாட்டுப் பெயர்களுக்குக் கீழே விண்ணரசி எழுதியிருந்தாள்: ‘சில பாட்டுகளில் நீங்கள் அனுப்பிய குரல்களே அப்படியே ஒலிக்கும்.’ என் குரலைப் போடாதீங்க மேடம் என்று முத்துமாரி மூன்று தடவை எழுதிப் போட்டாள். பதில் இல்லை.

புருஷன் காசியிடம் முதலில் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். அவனுக்குக் குடியாத்தத்தில் பவர்லூம் தறியில் ராத்திரி ஷிப்டு. அவன் புருவத்தில் பஞ்சோடு வந்து படுக்கும்போது இவள் கிளம்புவாள். இவள் திரும்பியதும் அவன் கிளம்புவான். அவன் அம்மா படுக்கையில் கிடந்தபோதும் அப்படித்தான், பகல் அவனுடையது, ராத்திரி இவளுடையது. இருவரும் விழித்துக்கொண்டு சேர்ந்திருப்பது சாயங்காலம் மாதனூர் ஸ்டாப்பிலிருந்து ஊருக்கு பைக்கில் போகும் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்தில் கேஸ் புக் பண்ணியாகிவிட்டதா, தண்ணீர் வந்ததா என்று ஏதாவது இருக்கும். தவிர, சொந்தக்காரர் யார் வந்தாலும் அவன் சொல்லுவான்: “எங்கம்மா செத்தப்ப மூணு நாள் பச்சத் தண்ணி வாயில வெக்கல இவ.” அவனுக்கு அதில் ஒரு பெருமை. வியாழக்கிழமையும் சொல்லாமலே போயிற்று.

வெள்ளிக்கிழமை அவள் தைத்ததில் இரண்டு ஜோடி திரும்பி வந்தது. “தையல் கோணிக்கினு போவுது பாரும்மா. இன்னா ஆச்சு உனக்கு?” என்றார் சூப்பர்வைசர். அவள் பிரித்துவிட்டு மறுபடி தைத்தாள்.

ஐந்தரைக்கு பஸ் கிளம்பியது. பாரதி தன் போனை ஸ்பீக்கரோடு இணைத்தாள்.

“சத்தத்தை ஜாஸ்தி வெக்காதம்மா,” என்றார் டிரைவர் மூர்த்தி. “ஸ்பீக்கர் கிழிஞ்சா கம்பெனிக்காரன் என்னைக் கிழிப்பான்.”

“நாலு வருஷம் காத்துக்கினு இருந்தோம்ணா. கிழிஞ்சா கிழியட்டும்.”

முதல் பாட்டை யாரும் வாய் திறக்காமல் கேட்டார்கள். இரண்டாவது, கிடாரில் ஒரே தந்தியோடு ஆரம்பித்தது. முத்துமாரி முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

*ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம்*
*உன்னைப் புரட்டிய கைகள்*
*நீ போன அன்று*
*மூணு நாள் லீவு தந்தார்கள்*
*தூங்கினேன்*

குரல் விண்ணரசியுடையது. கடைசி வரைக்கும் விண்ணரசியுடையதுதான். பாட்டு முடிந்ததும் முத்துமாரி கம்பியை விட்டாள்.

“தூ,” என்றாள் விஜயகுமாரி. முத்துமாரிக்குப் பக்கத்து வீட்டுக்காரி. “மாமியார் பொணத்த எடுத்துட்டு தூங்கினாளாம். அதுக்கு ஒரு பாட்டாம். எவ அவ?”

“யாரோ பாவம், எவ்ளோ அசந்திருந்தாளோ,” என்றாள் வஹீதா.

“இன்னா பாவம்? இதோ முத்துமாரி இல்ல? அவளும் ரெண்டு வருஷம் பார்த்தா. அந்தக் கெழவி போனப்ப எப்டிக் கெடந்தா தெரியுமா? காபி கொண்ட்டுப்போய் எழுப்பறேன், கண்ணத் தொறக்கல. அதுதான் மருமக. நீயே சொல்லு முத்து.”

எல்லாத் தலைகளும் திரும்பின. தலையாட்டினால் போதும். முத்துமாரிக்கு அது தெரிந்தது. ஆனால் ஒரு வாரமாக பயந்து பயந்து அலுத்துப் போயிருந்தது.

“நான் தூங்கினேன்க்கா.”

“அழுத அசதியில கண்ணு செருகியிருக்கும்.”

“அழல. நீ காபி கொண்ட்டு வந்தப்ப முழிச்சுக்கினுதான் இருந்தேன். எழுந்தா ஏதாவது வேலை சொல்லுவாங்கன்னு கண்ணத் தொறக்கல.”

மூன்றாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாரதி சத்தத்தைக் குறைத்தாள்.

“முத்துக்கா! அது நீங்களா? விண்ணரசி பாடினது உங்களையா?” அவள் சீட்டில் முழங்காலிட்டுத் திரும்பிவிட்டாள். “நம்ம பஸ்ஸுலருந்துக்கா! உங்களை ஒரு போட்டோ எடுத்து ஸ்டோரி போடட்டா?”

“வேணாம். காசி இன்னும் கேக்கல.”

பாரதி போனை மடியில் கவிழ்த்தாள். நாலு வருஷம் காத்திருந்த ஆல்பம் தன்பாட்டுக்கு ஓடியது. வஹீதா முத்துமாரியின் தோளில் கை வைத்தாள். பிறகு எடுத்துக்கொண்டாள். விஜயகுமாரி வழி நெடுகத் தன் டிபன் கேரியரையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மாதனூரில் அவளும் முத்துமாரியும் இறங்கினார்கள். காசி சர்வீஸ் ரோட்டோரம் பைக்கில் உட்கார்ந்திருந்தான்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டா?” என்றாள் விஜயகுமாரி.

“நானே சொல்றேன்.”

விஜயகுமாரி திரும்பிப் பார்க்காமல் ஷேர் ஆட்டோவை நோக்கி நடந்தாள்.

“பாட்டு வந்துச்சா?” என்றான் காசி.

“வந்துச்சு. வண்டிய ஆஃப் பண்ணு.”

“டைம் ஆவுதுடி.”

“நாலு நிமிஷம்தான்.”

அவள் பாட்டைப் போட்டு போனை அவன் காதருகே பிடித்தாள். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவன் முதலில் ரோட்டைப் பார்த்தபடி கேட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான். முடிந்ததும் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

“இது நீயா?”

“ஆமா.”

“நான் எல்லார்கிட்டயும் வேற மாரி சொல்லிக்கினு இருந்தேன்.”

“தெரியும்.”

அவன் வண்டியைக் கிளப்பினான். அவள் பின்னால் ஏறினாள். ரயில்வே கேட்டைத் தாண்டும்போது வழக்கமாக, கெட்டியாப் புடிச்சுக்கோ என்பான். இன்றைக்குச் சொல்லவில்லை. அவளே அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். கேட்டைத் தாண்டியதும் கண்கள் சொருகின. நெற்றி அவன் முதுகில் இடித்தது. நிமிர்ந்துகொண்டாள். மறுபடி இடித்தது. அதற்குமேல் நிமிர முடியவில்லை.

அவனுக்கு ஷிப்டுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வண்டி வேகம் குறைவது அவளுக்குத் தெரிந்தது. அப்படியே தூங்கிப்போனாள்.