பதினாலாவது வளைவு

மலையின் பழைய பாதையில் இருபத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவருக்குப் பயணிகள் வைத்த பெயர் கடிகாரம். ஒரு நிமிஷம் முந்தவும் மாட்டார், பிந்தவும் மாட்டார். வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருஷமாகியும் அந்தப் பாழாய்ப்போன பழக்கம் மட்டும் அவரை விடவில்லை.

இன்று ஓட்டியது மகளின் சின்னக் கார். பக்கத்தில் மனைவி, மடியில் சாப்பாட்டுப் பை. கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டு வந்த பயணம் இது. கடைத்தெருவில் யார் எதிர்ப்பட்டாலும், "உங்க வீட்டுக்காரர் ஓட்டுற ரோடு இருக்கே, அடடா! அந்தப் பதினாலாவது வளைவுல ஒரு தடவை எட்டிப் பாக்கணும்" என்பார்கள். அவள் வீட்டுக்கு வந்து ஆசையாகக் கேட்பாள். "ஆறு நாளும் அந்த ரோட்டோட மாரடிக்கிறேன், ஏழாவது நாளும் அங்கயேவா?" என்று இவர் திரும்பிப் படுத்துவிடுவார்.

போன மாதம் கண் டாக்டர் சொன்னதைக் கேட்டுத்தான் மனுஷனுக்கு உறைத்தது. அவளுக்கு ஓரப் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. நடுவில் மிச்சமிருப்பதும் நாலைந்து மாதத்துக்குத்தான். "பாக்கணும்னு நெனைச்சதையெல்லாம் இப்பவே பாத்துடுங்கம்மா" என்றார் டாக்டர், சுற்றி வளைக்காமல். பாதையையோ மழைக்காலத்துக்காக நாளை மூடுகிறார்கள். மறுபடி திறக்க ஆறு மாதமாகும்.

வழியெல்லாம் அவள் கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். பதினாலாவது வளைவு வந்தபோது வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இதானே அது?"

"ஏறும்போது பள்ளம் எதிர்ப்பக்கம். வளைவுல ஏறுற வண்டியை நிறுத்தக் கூடாது. இறங்கும்போது நம்ம பக்கமே வரும், சாவகாசமா பாக்கலாம்."

"இப்ப பளிச்சுன்னு இருக்குங்க. ஒரே நிமிஷம்."

"சரியா பதினொண்ணுக்கு உச்சியில இருக்க வேண்டாமா?"

உச்சியில் அவர்களுக்காக ஒரு ஈ காக்காய்கூடக் காத்திருக்கவில்லை. அவள் முகத்தைத் திருப்பி இடத்தைப் பிடிப்பதற்குள் பாறை வந்து மறைத்துவிட்டது.

உச்சியில் வண்டியை நிறுத்தி, "சரியா பதினொண்ணு!" என்றார் பெருமையாக. அவள் சாப்பாட்டுப் பையைப் பிரித்தாள். சாப்பிட்டு முடித்ததும், "கெளம்பலாமா?" என்றாள். இறங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் வண்டியை ஆறப்போடுவது அவருடைய வழக்கம். பிரேக்கை நம்பித்தானே இறங்க வேண்டும் என்று சொல்லி, சீட்டைச் சாய்த்துக் கண்ணை மூடினார். விழித்தபோது கண்ணாடிக்கு வெளியே மரங்களைக் காணோம். பனிமூட்டம் வந்து உட்கார்ந்திருந்தது.

விளக்கைப் போட்டு, ஹாரன் அடித்து, ஊர்ந்து இறங்கி, பதினாலாவது வளைவில் தடுப்புச் சுவரை ஒட்டி நிறுத்தினார். ஒரு மணி நேரம் காத்திருந்தார்கள். கை நீட்டினால் கை தெரியவில்லை.

"சரி, விடுங்க" என்றாள் அவள், சுவரைப் பிடித்துக்கொண்டு. "இருபத்தெட்டு வருஷம் பாத்தவர் நீங்க இருக்கீங்களே. சொல்லுங்க, கேட்டுக்கறேன். கீழ என்ன இருக்கு?"

அவர் தொண்டையைச் செருமினார். "வளைவு ஆரம்பிக்கிற எடத்துல ஹாரன் அடிக்கணும். ரெண்டாவது கியர். உள்பக்கம் ஒரு குழி இருக்கும், அதுல சக்கரம் எறங்காம..."

"அது ரோடு. கீழ?"

கீழே என்ன இருக்கிறது? பின்னால் நாற்பது பேர் ஜன்னலில் தலையை நீட்டி ஆகா ஓகோ என்ற ஒவ்வொரு நாளும் அவர் கண் ரோட்டைவிட்டு அகன்றதில்லை. அது அவர் தொழில், அதைத் தப்பு சொல்ல முடியாது. ஆனால் ஒரு லீவு நாளில், ஒரே ஒரு லீவு நாளில் இவளைக் கூட்டி வந்திருந்தால் தானும் பார்த்திருக்கலாம். இன்று காலையில்கூடப் பார்த்திருக்கலாம்.

"தெரியலை" என்றார். "நான் பாத்ததே இல்லை."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சுவர்மேல் தடவித் தடவி அவர் கையைக் கண்டுபிடித்தாள்.

"அப்ப நாம ரெண்டு பேருமே பாக்கலையா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வாங்க, நேரமாச்சு."

"ஒரே நிமிஷம்" என்றார் அவர்.