யுதெல்கா ஆட உட்கார்ந்த சனிக்கிழமை

ராதாமேஸும் நெரெய்தாவும் ஒன்பது வருடமாக டாமினோ என்ற புள்ளிக்கட்டை ஆட்டத்தைப் பற்றிப் பாட்காஸ்ட் நடத்தி வந்தார்கள். ஆடிக்கொண்டே சண்டை போடுவார்கள், அதுதான் நிகழ்ச்சி. பதிவு செய்வதும் வெட்டி ஒட்டுவதும் அவர்களுடைய தோழி யுதெல்கா. ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூலையில் இருப்பாள். ஒரு கட்டையைக்கூடத் தொட்டதில்லை.

திங்கட்கிழமை ராதாமேஸ் புந்தா கானா என்ற கடற்கரை ஊருக்கு ஹோட்டல் சமையல் வேலைக்குக் கிளம்புகிறான். அதனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம்தான் கடைசிப் பதிவு.

பாதியில் கரண்ட் போயிற்று. புழுக்கம் தாங்காமல் கதவைத் திறந்துபோட்டு, பேட்டரியில் பதிவைத் தொடர்ந்தார்கள். கட்டைகளை மேசையில் அறையும் சத்தம் தெருவுக்கே கேட்டது. எதிரே சலூன் வைத்திருக்கும் பெல்கிஸ் வாசலில் வந்து நின்றாள்.

“கடைசி நிகழ்ச்சியாமே. நான் ஒண்ணு விடாம கேட்டிருக்கேன்.”

“பாத்தியா நெரெய்தா, நம்மகிட்ட ஆட்டம் கத்துக்கிட்டவங்க,” என்று பூரித்தான் ராதாமேஸ்.

“கத்துக்கிட்டேன்தான் தம்பி. நீ எதைப் போடாதேங்கறியோ அதைப் போடுவேன். இதுவரைக்கும் தோத்ததில்ல.”

நெரெய்தாவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. “உக்காருங்கக்கா, பாத்துருவோம்,” என்றான் ராதாமேஸ் ரோஷத்தோடு.

இரண்டு ஜோடியாக ஆட வேண்டுமென்றால் பெல்கிஸுக்கு ஒரு ஆள் வேண்டுமே. பெல்கிஸ் மூலையைக் காட்டினாள்.

“எனக்கு ஆடத் தெரியாதுக்கா,” என்றாள் யுதெல்கா.

“இதுங்க பண்ற கூத்தையெல்லாம் ஒன்பது வருஷமா கேட்டு வெட்டினவ நீ. உனக்குத் தெரியாம யாருக்குடி தெரியும்? வா.”

முதல் ஆட்டத்தில் யுதெல்கா கைக்கு வந்த கட்டையைப் போட்டாள். இரண்டாவதில் ராதாமேஸ் தொண்டையைக் கனைத்தான். அவளுக்குப் பொறி தட்டியது. போடக் கட்டை இல்லாமல் திணறும்போதெல்லாம் அவன் கனைப்பான். வாராவாரம் அந்தக் கனைப்பை வெட்டி எறிந்தவள் அவள்தானே. யோசிக்காமல் அவனை மடக்கும் கட்டையை எடுத்து ஓங்கி அறைந்தாள்.

“பாஸ்,” என்று போடக் கட்டையில்லாமல் முறையை விட்டு முனகினான் ராதாமேஸ். தெருவில் கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரோ குளிர்ந்த பியர் கொண்டுவந்தார்கள். பொழுது சாய்வதற்குள் பெல்கிஸ் ஜோடிக்கு ஆறுக்குச் சைபர் வெற்றி. யுதெல்காவுக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை. பிரிவு உபசார வார்த்தை சொல்ல மூவருக்கும் ஞாபகமே வரவில்லை.

“முடிவை மட்டும் வெட்டிடேன், புண்ணியமாப் போகும்,” என்று கெஞ்சினான் ராதாமேஸ்.

“ஒரு நொடிகூட வெட்ட மாட்டேன் போடா,” என்றவள், கரண்ட் வந்ததும் அப்படியே இணையத்தில் ஏற்றிவிட்டாள்.

திங்கட்கிழமை அவனை வழியனுப்ப நெரெய்தாவும் யுதெல்காவும் பஸ் நிலையத்துக்குப் போனார்கள். பெட்டியை வாங்கி வைத்த டிரைவர் அவன் குரலைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“ஆறுக்குச் சைபர் வாங்கினது நீதானா? முன்னாடி வந்து உக்காருப்பா. வழி பூரா அதைப் பத்தியே பேசிட்டுப் போலாம்.”