நகப்பூச்சு பூசிய புல்

1

இந்தக் கதை என் நீர்க்கடுப்பிலிருந்து பிறந்தது. மறைப்பானேன்? தர்ப்பை வேரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் கேட்கும் என்று யாரோ சொல்ல, பக்கத்துத் தெரு நர்சரிக்குப் போனேன். மருந்து கிடைக்கவில்லை. கதையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

முதல் தொடக்கம்: “செந்நிறப் புல்வெளியின்மீது கதிரவன் தன் பொற்கரங்களை” (அடித்துவிட்டேன். அங்கே புல்வெளி இல்லை, தொட்டிகள்தான்.)

இரண்டாவது: “நர்சரிக்காரி பேரழகி.” (முகம் முழுக்க மண். எனக்கெப்படித் தெரியும்?)

மூன்றாவதில் அவள் பயந்துபோய் நிற்கிறாள். இது நிஜம். இதையே வைத்துக்கொள்வோம்.

2

அவள் பயத்துக்குக் காரணம் உண்டு. அழகுக்கு வளர்க்கும் சிவப்புப் புல், தர்ப்பையின் பங்காளி.* சிவப்பாக இருக்கும்வரை பரம சாது. எப்போதாவது ஒரு குத்து பச்சையாக மாறிவிட்டால் வேர்விட்டு ஓடி ஊரையே வளைத்துவிடும். அதனால் விற்பதற்குமுன் தாவர ஆய்வாளர் வந்து பார்ப்பார். ஒரு தொட்டி மாறியிருந்தாலும் அவளிடமிருக்கும் முந்நூறு தொட்டிகளையும் எரிக்கவேண்டும், நர்சரிக்கும் பூட்டு.

முந்நூறையும் வேர் பிரித்து நட்டவள் அவள் ஒருத்திதான். எலி கடித்த பன்னிரண்டை மட்டும் அடியோடு கத்தரித்திருந்தாள். அவை மறுபடி துளிர்த்திருந்தன. பச்சையாக. ஆய்வாளர் வரும் காலையில்தான் அதைப் பார்த்தாள்.

(* வெட்டிவேரும் எலுமிச்சைப்புல்லும் தூரத்துச் சொந்தம். அந்த வம்சத்தில் மருந்துக்கு ஆகாமல் மினுக்கிக்கொண்டு திரிவது இது ஒன்றுதான்.)

3

அவள் தங்கை அழகு நிலையத்தில் வேலை பார்ப்பவள். அக்காளின் அழுகையைப் போனில் கேட்டதும் கைப்பெட்டியோடு ஓடிவந்தாள்.

“என்னடி இது, நகப்பூச்சு?”

“சிவப்புதானே வேணும்? மூணு வகை இருக்கு. எது உன் புல்லுக்குப் பொருத்தமா இருக்கும்?”

“விளையாடுறியா?”

“கல்யாணப் பொண்ணுங்களே என்கிட்ட வாயத் திறக்காம உட்காருவாங்க. நீ இலையப் பிடி.”

ஒளித்துவைத்திருக்கலாமே என்பீர்கள். நானும் பிற்பாடு நர்சரிக்காரியிடம் கேட்டேன். “எண்ணிக்கை பதிவாயிருக்கு தாத்தா. ஒண்ணு குறைஞ்சா செத்துப்போச்சுன்னு சொல்லலாம். பன்னிரண்டும் ஒரே நாள்ல சாகுமா?” என்றாள்.

பன்னிரண்டாவதைப் பூசி முடித்தபோதுதான் நான் வேர் கேட்டுப் போய் நின்றேன். அந்தத் தொட்டிதான் இருப்பதிலேயே நெட்டை, முதலில் கண்ணில் படும். நர்சரிக்காரி அதைத் தூக்கி என் கையில் திணித்தாள்.

“இதோட வேர்...”

“இது குடிக்கிறதுக்கு இல்ல, பார்க்கிறதுக்கு. பேசாமப் போங்க!”

4

(இங்கே ஆய்வாளரைக் கொடுமைக்காரராக்க ஒரு பக்கம் எழுதினேன். மனிதர் ஒத்துவரவில்லை. கால்சட்டைப் பையில் சாப்பிட்டு முடித்த பிஸ்கட்டின் தாளை மடித்து வைத்திருந்தாராம். அப்படிப்பட்டவரை எப்படிக் கொடுமைக்காரராக்குவது?)

எண்ணினார். ஒன்று குறைந்தது. செத்துவிட்டது என்றாள். குறித்துக்கொண்டார். பிறகு குனிந்து ஓர் இலையைத் தடவினார். விரல் ஒட்டியது. மோந்து பார்த்தார்.

“ஏம்மா, என் வீட்டுக்காரி அலங்கார மேசை மாதிரி மணக்குது?”

அவ்வளவுதான். நர்சரிக்காரி என்னிடம் தந்த தொட்டியைத் தவிர எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டாள்.

ஆய்வாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். “இளம் இலை பச்சையாத்தாம்மா வரும்! போகப்போக நுனியிலேருந்து சிவக்கும். இதுகூடத் தெரியாதா?”

“நான் வாங்கும்போதே சிவப்பா இருந்துச்சு சார். துளிர்த்து நான் பார்த்ததே இல்ல.”

“நுனி சிவந்திருந்தா நல்லது. முழுப் பச்சைன்னா மாறினது. இப்ப நுனி எப்படின்னு நான் எங்கே பார்க்கிறது? அதான் மெழுகி வச்சிருக்கீங்களே!”

தங்கை பெட்டியைத் திறந்தாள். “அழிக்கிறதுக்கும் மருந்து இருக்கு சார். உட்காருங்க.”

பஞ்சில் நனைத்து ஒவ்வோர் இலையாகத் துடைத்தாள். முதல் தொட்டி. நகப்பூச்சு போன பிறகும் நுனியில் மெல்லிய கோடாக ஒரு சிவப்பு. அவசரத்தில் அக்காளும் தங்கையும் பச்சையை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள். அடுத்ததிலும் சிவப்பு. அதற்கடுத்ததிலும். பதினொன்றாவதைத் துடைத்தபோது நர்சரிக்காரி மண்தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

“எரிக்க வேண்டாம், வித்துக்கோங்க” என்றார் ஆய்வாளர். “ஆனா இந்தப் பொண்ணைத் தோட்டத்துப் பக்கம் சேர்க்காதீங்க.”

“அக்கா, சாருக்கு விரல்ல இன்னும் சிவப்பு இருக்கு” என்றாள் தங்கை. அதையும் துடைத்து அனுப்பினார்கள்.

5

மறுபடி வேர் கேட்டுப் போன அன்று நர்சரிக்காரி இதையெல்லாம் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்ததில் கடுப்பு எப்போது விட்டதென்றே தெரியவில்லை. மருத்துவர் கேட்டால் தண்ணீர் நிறையக் குடித்ததால் என்பேன்.

முடிவு ஒன்று: எல்லோரும் சுகம். முடிவு இரண்டு: எல்லோரும் சுகம், என்னைத் தவிர. மூன்றாவதை எழுத உட்கார்ந்தால் ஜன்னல் குறுக்கே நிற்கிறது. அரசாங்கப் பதிவேட்டில் செத்துப்போன பன்னிரண்டாவது தொட்டி அங்கேதான் உயிரோடு இருக்கிறது, பூச்சு கலையாமல். இன்று நடுவில் புதிதாக ஓர் இலை. விரல் நீளம்.

நர்சரிக்காரி ஒரு சின்னக் குப்பியும் பஞ்சும் கொடுத்திருக்கிறாள். “துடைச்சுப் பார்த்துச் சொல்லுங்க தாத்தா. பச்சைன்னா சொல்லிடுங்க, நானே வந்து எரிச்சுடறேன். இப்ப எனக்குப் பயமில்ல.”

எனக்குக் கண் அவ்வளவு தெளிவில்லை. கொஞ்சம் கிட்ட வாருங்கள். புது இலைக்குப் பூச்சுகூடக் கிடையாது, துடைக்கிற வேலையும் இல்லை. அந்த நுனியை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், சிவப்பா, பச்சையா?